இன்னும் கொஞ்சம் தள்ளுங்க

“இன்னும் கொஞ்சம் தள்ளுங்க தம்பி. கண்ணுல படவேண்டியது படமாட்டேங்குது” என்றார் லிங்கசாமி, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி.

ஆசாத் மவுஸை நகர்த்தினான். திரையில் தெரிந்த காருக்குள், ஓட்டுபவரின் கண்ணாக இருக்கும் கேமரா அரை அங்குலம் பின்னால் போனது.

ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால், தையல் கடை மாடியில் ஆசாத்தின் ரேஸ் விளையாட்டுக் கடை. ஒரு சீட்டு, ஒரு ஸ்டீயரிங், மூன்று பெடல், எதிரே பெரிய திரை. பச்சைத் தேயிலைக்கு விலை இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டபெட்டுத் தேயிலைத் தோட்டக்காரர் வீட்டுப் பையன்கள் படிவரைக்கும் வரிசையில் நிற்பார்கள். விலை சரிந்ததும் எல்லோரும் முதலில் விட்டது ரேஸைத்தான். உலகத்தின் அதிவேகக் கார்கள் நாற்பதைக் கையில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்க ஓர் அங்குலம்கூட நகராமல் உட்கார்ந்திருந்தான் ஆசாத்.

நான்கு நாளாக வருகிற ஒரே ஆள் லிங்கசாமி. வயது அறுபது. மூடிக்கிடக்கும் டீ ஃபேக்டரியின் இலை லாரியில் முப்பது வருடம் இருந்தவர். மூன்று மணிக்கு வருவார். மலைப்பாதையைப் போடச் சொல்வார். பத்தே நிமிடத்தில், “இது நம்ம வண்டியாட்ட இல்லீங்க” என்று எழுந்து போய்விடுவார். இன்று படியேறும்போதே, “சரியா வரலீன்னா நாளைக்கு வரமாட்டனுங்க” என்று சொல்லியிருந்தார்.

இவரும் வராவிட்டால் கடைப் பலகையைக் கழற்றிவிடுவதாக ஆசாத் முடிவு செய்திருந்தான். வியாபாரம் இல்லாமல்கூட இருந்துவிடலாம். பேச ஆளில்லாமல் ஜன்னலில் மூடுபனியைப் பார்த்துக்கொண்டு இன்னொரு மழைக்காலத்தைத் தள்ள அவனால் முடியாது.

“இப்பங்கய்யா?”

“உசரம் பத்தலீங்க. லாரின்னா ரோடு நம்ம காலுக்குக் கீழ கெடக்கோணும்.”

ஏற்றினான். கேமரா காரின் கூரையை முட்டி நின்றது.

“இதுல லாரி கெடையாதுங்கய்யா. இதுக்கு மேல ஏத்துனா கூரை மேலதான் உக்காந்து போகணும்.”

“அப்பிடியும் போயிருக்கறனுங்க” என்றார் லிங்கசாமி, சிரிக்காமல்.

ஆசாத் கீழே இறங்கித் தையல் கடை டேப்பை வாங்கி வந்தான். அவர் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே நீட்டிப் பிடித்தான்.

“ஏனுங்க தம்பி, சட்டை தைக்கப் போறீங்களா?”

“எவ்வளவு தூரத்துல உக்காந்திருக்கீங்களோ, அதுக்குத் தக்கன பார்வைக் கோணம் வைக்கணும்ங்கய்யா. கோணம் அகலமா இருந்தா வளைவெல்லாம் தூரமாத் தெரியும். கொறைச்சா நெசத்துல பாக்கறாப்பலயே இருக்கும்.”

எழுபது சென்டிமீட்டர். கோணத்தை ஐம்பத்து மூன்று டிகிரிக்குக் குறைத்தான்.

லிங்கசாமி ஆக்சிலேட்டரை மிதித்தார். முதல் வளைவில் வலப்பக்கப் பாறையில் மோதினார். இரண்டாவதில் ஒரு மரத்தில். மூன்றாவதில் வண்டி பள்ளத்தாக்கில் பறந்தது. பறக்கும்போதும் அவர் முகத்தில் பதற்றமே இல்லை.

“முப்பது வருசம்னீங்களேய்யா?”

“ஆமாங்க. வண்டில ஒரு கீறல் விழுந்ததில்லீங்க.”

“அப்ப இது?”

“கேமரா சரியில்லீங்க.”

கோயமுத்தூரில் நடந்த போட்டியில் கடைசியாக வந்தபோது ஆசாத் சொன்ன காரணமும் அதேதான்.

“எடப்பக்கமாத் தள்ளுங்க தம்பி.”

“எவ்வளவுங்கய்யா?”

“நான் போதும்னு சொல்ற வரைக்கும்.”

கேமரா ஸ்டீயரிங்கை விட்டு விலகியது. கியரைத் தாண்டியது. அவர் போதும் என்று சொல்வதாக இல்லை.

“ஐயா, இனித் தள்ளுனா கதவைத் தெறந்துக்கிட்டு வெளிய விழுந்துருவீங்க.”

“நிறுத்துங்க. அங்கதான்.”

திரையின் இடது ஓரத்தில் சாலை விளிம்பும், அதற்குக் கீழே பள்ளமும் தெரிந்தன. லிங்கசாமி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு நாளில் முதல்முறையாக அவர் முகம் இளகியது.

“இங்கிருந்து எப்படிங்கய்யா ஓட்டுவீங்க? இது டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு.”

லிங்கசாமி எழுந்தார். மூலையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து, இடப்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் எங்க தம்பி ஓட்டுனேன்? ஓட்டுனவன் மாரப்பன், வண்டிய வித்ததும் அவன் திருப்பூருக்குப் போய்ட்டான். நான் கிளீனருங்க. நீங்க ஏறி உக்காருங்க, சைடு நான் பாத்துச் சொல்றேன்.”