முடிந்தவை

கூட்ட அறையில் மேலாளர் திலகவதி, இன்பசேகர், நெடுமாறன் ஆகிய மூவர் இருந்தார்கள். குழுவின் வேலைகளைக் கவனிக்க நெடுமாறன் இணையத்தில் ஒரு பலகை அமைத்திருந்தான். அதன் அட்டைகளில் வேலைகளை எழுதுவதற்குப் பதில், தவறுதலாக ஆட்களின் பெயர்களை எழுதிவிட்டான்.

"மாத்திடறேன் மேடம்."

"எதுக்கு? இதுவே வசதியா இருக்கே" என்ற திலகவதி, இன்பசேகரின் பெயரை, முடிந்த வேலைகளுக்கான 'முடிந்தவை' கட்டத்துக்கு இழுத்துவிட்டாள்.

"டேய், என்னை முடிச்சிட்டியேடா!" என்று இன்பசேகர் நெடுமாறனைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு அடங்குவதற்குள் காவலாளி வந்து அவன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினார்.

நெடுமாறன் தன் பெயரை அவசரமாக அழிக்கப் பார்த்தான். திரையில் திலகவதியின் அம்புக்குறி ஏற்கெனவே அதன்மேல் நின்றிருந்தது.

காவலாளி இன்பசேகரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். பிறகு, நெடுமாறனைப் பார்த்தபடி, உள்ளே நின்றே பூட்டினார்.