வராத மெசினின் நம்பர்

“இஞ்சாருங்கோ, சொதி ஆறுது. சாப்பிட வாங்கோ.”

கிளிநொச்சி விதைநெல் அலுவலகத்தில், கொம்பியூட்டர் முன்னால் இருந்த சிவராசா திரும்பவில்லை. மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி விமலேஸ்வரி கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“அப்பிடி என்ன எழுதுறியள்?”

“கொம்பியூட்டர் எழும்பின உடனே தன்னோட கொழுவியிருக்கிற ஒவ்வொண்டையும் ‘நீ ஆர்?’ எண்டு கேக்கும். கொழுவின சாமான் பேர் சொல்லாது, நம்பர்தான் சொல்லும். உள்ளுக்க இருக்கிற ஒவ்வொரு புரோகிராமிட்டையும் ஒரு பட்டியல் இருக்கு. எந்தப் புரோகிராமின்ர பட்டியல்ல அந்த நம்பர் இருக்கோ, அது பொறுப்பெடுக்கும். ஒருத்தரும் எடுக்காட்டி, எவ்வளவு நல்ல சாமான் எண்டாலும் சும்மா கிடக்கும்.”

“எங்களிட்ட இருக்கிறது ஒரு பிறின்டர். இவ்வளவு நம்பர் ஆருக்கு?”

“இனி வரப்போறதுகளுக்கு. சிங்கப்பூர் விலைப்பட்டியலைப் பாத்துச் சேக்கிறன்.”

“வராத மெசினுக்குப் பாய் விரிக்கிறியள். வந்து நிக்கிற மனுசி கண்ணில தெரியேல்ல. சாப்பிட வாறியளோ, இல்லையோ?”

சிவராசாவின் விரல்கள் மட்டும் ஓடின. அவள் முகத்தைச் சுழித்துக்கொண்டு, கோப்பைகளைக் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கதிரை வெறுமையாக இருந்தது. வாசலில் ஒரு ஜீப் கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை. யாருடைய ஜீப் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் சாவுச் செய்தி மட்டும் வந்தது.

அவருடைய வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். கேட்ட கேள்விக்கு ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டாரே என்பது இரண்டு வருடமாக அவளை அறுத்தது.

1988 மார்கழியில் பழைய பிறின்டர் பழுதாகி, புதியது வந்தது. அதைப் பொருத்த வவுனியாவிலிருந்து வந்த செல்வநாயகம் பெட்டியைத் திறந்ததுமே உதட்டைப் பிதுக்கினான்.

“இது இலங்கைக்கே புதுசு, அக்கா. இந்தப் பழைய புரோகிராமுகளுக்கு இதைத் தெரியாது. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசு போடவேணும்.”

சிவராசா எழுதியதில் மிஞ்சியிருந்தவை அந்தப் புரோகிராமுகள் மட்டும்தான்.

“ஒருக்காக் கொழுவிப் பாரும், தம்பி.”

“உங்கட ஆசைக்குப் பாக்கிறன். நம்பர் பட்டியலில இருந்தால், புது மெசின் சோதனைக்கு ஒரு வரி அடிக்கும். அடிக்காது, பாருங்கோ.”

சுவிச்சைப் போட்டான். திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. ஒன்றும் நடக்கவில்லை. விமலேஸ்வரி சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள். பிறகு பிறின்டர் கர்ரென்று ஒரு வரி அடித்தது.

“இஞ்ச வராத மெசினுக்கு ஆரோ அப்பவே இடம் வைச்சிருக்கினம்” என்று செல்வநாயகம் தலையைச் சொறிந்தான். தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தான். “இனி ஒண்டும் அழிக்கத் தேவையில்லை, அக்கா. சோதனை வரியைத்தான் பகிடியா எழுதியிருக்கினம், இங்கிலீஷ் எழுத்தில தமிழ். அதை மட்டும் எடுத்துவிடட்டோ?”

விமலேஸ்வரி வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள்.

“வேண்டாம், தம்பி. அது அப்பிடியே கிடக்கட்டும்.”

தாளில் இருந்தது இவ்வளவுதான்: “ரெண்டு நிமிசம், விமலா. வாறன்.”