இங்க்ரிட்டின் பிடிவாதம்

மினசோட்டாவில் பனி விழத் தொடங்கியதிலிருந்து இங்க்ரிட் தன் மகள் ப்ரின்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லூரியிலிருந்து அவள் வந்தால், காட்டரிசி சூப்பை ஊற்றி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பக்கத்து வீட்டு லோரெய்னுக்குப் பொறுக்கவில்லை. ப்ரின் ஆடும் கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி இறுதியாட்டத்தைப் பார்க்க இருவரும் வந்த இடத்திலும் கேட்டாள்.

"ஒத்தப் புள்ளடி. அப்படி என்னதான் பண்ணிட்டா?"

"ஒண்ணும் பண்ணல."

"பின்ன என்ன வீம்பு? இன்னிக்காவது நல்லா ஆடுன்னு சொல்லேன்."

"வாய மூடுடி!" இங்க்ரிட் பதறினாள்.

கடைசி நிமிடத்தில், கோல்கீப்பரான ப்ரின் காத்து நின்ற வலைக்குள் எதிரணி அடித்த வட்டு புகுந்துவிட்டது. கோப்பை போயிற்று. தலைகுனிந்து வந்த மகளை இங்க்ரிட் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"கண்ணு, எப்படி இளைச்சுட்ட! சூப்புல உப்பு சரியா இருந்துச்சா? உங்கப்பா குறட்டை தாங்க முடியலடி..."

லோரெய்ன் வாயைப் பிளந்தாள். ப்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இந்த சீசன் முதல் ஆட்டத்துக்கு அம்மா வாழ்த்தி அனுப்புச்சு, தோத்தோம் ஆன்ட்டி. அடுத்ததுக்குத் தொண்டை கட்டிப் பேசல, ஜெயிச்சோம். இனிமே தோக்குற வரைக்கும் பேசாதேன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

"அடுத்த வருஷம் அந்தச் சத்தியத்த உங்கப்பாகிட்ட வாங்கு" என்றாள் இங்க்ரிட்.