காருக்கு வந்த போன்

“கம்பெனி செட்டக் கழட்டிப்புட்டு புதுசா டச் ஸ்கிரீன் போட்டுடலாம் பெரியப்பா. ஒரு மணி நேர வேலை.”

“கழட்டுறதா இருந்தா நான் வண்டிய எடுத்துக்கினு போயிட்டே இருப்பேன். செட்டு அப்புடியே இருக்கணும். பாட்டு மட்டும் போன்லேர்ந்து வரணும். முடியுமா, முடியாதா?”

வில்லியனூரில் கார் செட் கடை வைத்திருக்கும் அரிகரன் தலையைச் சொறிந்தான். பாகூர் குழந்தைவேலின் பிடிவாதம் ஊரறிந்தது. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான். பெற்ற மகளையே தலைமுழுகிய மனுஷனிடம் ஒரு செட்டுக்காக யார் மல்லுக்கு நிற்பது?

டேஷ்போர்டைப் பிரித்து, இருபது வருஷத்துச் செட்டின் பின்னால் ஒரு சின்னப் பெட்டியைச் சொருகினான். ஒயரை உள்ளே மறைத்து, ஸ்டியரிங் பக்கத்தில் பொத்தான் அளவுக்கு ஒரு மைக்கை ஒட்டினான்.

“புளூடூத் ரெடி. போன் வந்தாலும் இதுலயே பேசலாம். கையில எடுக்கவே வேணாம்.”

“எனக்கு யாருடா போன் பண்ணப் போறா?” என்றார் குழந்தைவேல். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பொய்யில்லை. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகள் செல்வகுமாரி, பனித்திட்டுக் குப்பத்தில் கடலுக்குப் போகிற பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். “என் பொணத்தத் தாண்டிப் போடி” என்றார். தாண்டித்தான் போனாள்.

அதைக்கூட விடுங்கள். அப்பன் நின்று தாரை வார்க்க வேண்டிய இடத்தில் போய் நின்றானே கூடப்பிறந்த தம்பி புகழ்வேந்தன், அதைத்தான் அவரால் செரிக்க முடியவில்லை.

“இனிமே எனக்குப் பொண்ணும் இல்ல, தம்பியும் இல்ல. எவனும் என் வாசப்படிய மிதிக்கக் கூடாது. போன் கீன் பண்ணீங்க, நான் மனுசனா இருக்க மாட்டேன்!”

மூன்று வருஷமாக யாரும் மிதிக்கவில்லை. போனும் இல்லை. சொன்ன சொல்லை இவ்வளவு ஒழுங்காகக் கேட்பார்கள் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

தம்பி வீடு பக்கத்து வீடுதான். நடுவில் ஒரு மதில். தினமும் பொழுது சாயும் நேரம் அந்த மதிலுக்கு மேல் புகழ்வேந்தனின் தலை முளைக்கும். ஒரு பார்வை பார்க்கும். மறைந்துவிடும்.

“அண்ணன் ஒண்டியா அல்லாடுறத வேடிக்க பாக்குறான், பாவி” என்று குழந்தைவேல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

காரில் பாட்டு வந்த பிறகு சாயங்காலங்கள் கொஞ்சம் நகர்ந்தன. வயலிலிருந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு, மதிலோரம் நிற்கும் காருக்குள் உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்குள் போனால் ஏனென்று கேட்க ஆளில்லை. இங்கே யாரோ ஒருத்தர் பாடிக்கொண்டாவது இருக்கிறார்கள். உள்ளே சோறு ஆறிக் கிடக்கும். கிடக்கட்டும், யார் திட்டப் போகிறார்கள்?

பத்தே நாளில் புகழ்வேந்தனும் அதே அரிகரனிடம் போய், தன் லோடு வண்டிக்கு அதே பெட்டியை மாட்டிக்கொண்டு வந்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினான்.

“நான் ஒண்ணு வாங்குனா அவனுக்கும் வேணும்! வயித்தெரிச்சல் புடிச்சவன்!”

அன்று குழந்தைவேலின் போன் சார்ஜ் தீர்ந்து, அணைந்து, வீட்டுக்குள் கிடந்தது. சரி, ரேடியோவாவது கேட்போம் என்று காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். செட் ‘டிங்’ என்றது. போன் சேர்ந்துவிட்டதாம்.

எந்தப் போன்?

மதிலுக்கு அந்தப் பக்கம் தம்பியின் குரல் கேட்டது. “சேந்துருச்சுன்னு காட்டுது. நம்ம வண்டியில பாட்டு வரலியே?”

குழந்தைவேலுக்கு விளங்கிவிட்டது. இரண்டும் ஒரே கடைப் பெட்டி. போனில் இரண்டுக்கும் ஒரே பேர்தான் காட்டும். தன் வண்டி என்று நினைத்து அண்ணன் காரை அமுக்கியிருக்கிறான்!

“வூட்டுக்குள்ள வராதடான்னா காருக்குள்ள வர்றியா? டேய்...” என்று கத்தப் போனார்.

அதற்குள் காரே மணியடித்தது. அந்தப் பக்கம் தம்பி போனை எடுத்தான். “அலோ... அலோ... இன்னா, ஒண்ணும் கேக்கலியே!”

அவனுக்கு எப்படிக் கேட்கும்? குரல் இந்தப் பக்கம், குழந்தைவேலின் காரில் நாலு ஸ்பீக்கரிலும் வந்துகொண்டிருந்தது.

“சித்தப்பா, செல்வி பேசுறேன். எட்டிப் பாத்தியா? அப்பா வயல்லேர்ந்து வந்துருச்சா?”

குழந்தைவேலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கை சாவிக்குப் போனது. திருப்பினால் குரல் நின்றுவிடும். கை திருப்பவில்லை.

“நேத்து இருமிக்கினே இருந்துச்சுன்னியே, தேவலையா? தெனமும் உன்ன மதில் ஏற வுடுறேன், கோச்சிக்காத சித்தப்பா. நான் பண்ணாதான் அதுக்கு ஆவாதே.”

மதிலுக்கு மேல் தலை முளைத்தது. கையில் போனோடு புகழ்வேந்தன், திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்தான். அண்ணனைப் பார்த்தான். போனைப் பார்த்தான். அணைக்கவும் தோன்றவில்லை அவனுக்கு.

“இன்னா சித்தப்பா, பேசவே மாட்டேங்குற? எனக்குப் பயமா இருக்குது. அப்பா நல்லாத்தான இருக்குது? சாப்புட்டுச்சா?”

குழந்தைவேல் மைக் பக்கம் குனிந்தார்.

“இன்னும் இல்லடி கண்ணு. நீ சாப்புட்டியா?”