பன்னிரண்டு கரும்புக் கட்டுரைகள்

"ஒண்ணுகூட இல்லையேம்மா! நான் உனக்கு கைடா, இல்லை கேட்ல நிக்கிற வாட்ச்மேனா?"

பேராசிரியர் விஸ்வேஸ்வரன் தாள்களை மேஜைமேல் வீசினார்.

எதிரில் அனிதா நின்றாள். மணவூரில் கூலி வேலை செய்கிறவர் மகள். மூன்று வருஷமாக ரயிலேறித் திருத்தணிக்கு வந்து, அவரிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண்.

ஆய்வேட்டின் கடைசியில், தான் படித்த நூல்கள், கட்டுரைகள் என்று இருநூற்றுப் பத்தைப் பட்டியல் போட்டிருந்தாள். பேராசிரியர் ஐயா எழுதிய பன்னிரண்டு கட்டுரைகளில் ஒன்றுகூட அதில் இல்லை.

"கரும்பு விவசாயத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றே. இந்த வட்டாரத்துல கரும்பைப் பத்தி என்னைவிட யார் எழுதியிருக்கா?"

"யாருமில்ல சார்."

"அப்புறம்?"

அவள் மேஜைமேல் சிதறிய தாள்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"பட்டியல்ல என் பேர் வர்ற வரைக்கும் கையெழுத்து கிடையாது. போ!"

திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுக்கக் கடைசி நாள். கையெழுத்து இல்லையென்றால் மூன்று வருஷமும் ஆற்றில் கரைத்த புளிதான்.

நான் அந்தக் கல்லூரி நூலகத்தில் அட்டெண்டர். ஐயாவை எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம். ஆனாலும் அந்தப் பெண் செய்தது நன்றி கெட்ட வேலையாகத்தான் எனக்கும் பட்டது.

ஐயா பழியை முழுக்க அவள்மேல் போடவில்லை. பெருந்தன்மை. பாதியைக் கம்ப்யூட்டர்மேல் போட்டார்.

எங்கள் நூலகத்தில் ஒரு சாஃப்ட்வேர் உண்டு. என்னென்ன படித்தோம் என்று அதில் பதிந்து வைத்தால், கடைசியில் அதுவே பட்டியல் போட்டுக் கொடுக்கும். செய்தவர் ஐயாவின் மாப்பிள்ளை ஸ்கந்தகுமார். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. திரையில் முப்பத்திரண்டு பட்டன். எல்லாம் சாம்பல் நிறம், எல்லாம் இங்கிலீஷ். எதை அழுத்தினாலும் ஏதாவது ஒன்று காணாமல் போகும்.

ஐயா போன் போட்டார். "திரை சரியில்லை மாப்பிள்ளை. அதான் குழந்தைகள் கண்ணுக்கு என் கட்டுரை படலை. மாத்திக் கொடுங்கோ."

என்ன மாற்றம்? யார் திறந்தாலும் ஐயாவின் பன்னிரண்டும் உச்சியில், சிவப்பு எழுத்தில், டிக் அடித்தபடியே நிற்க வேண்டும். அதில் யாராவது கை வைத்தால், 'நிச்சயமா?' என்று மூன்று தடவை கேட்க வேண்டும். மலைமேல் முருகனுக்கே அவ்வளவு காவல் கிடையாது.

சனிக்கிழமை மாப்பிள்ளை புதுத் திரையோடு வந்தார். வாத்தியார்கள் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்கள். அனிதா ஓரமாக நின்றாள். முப்பத்திரண்டு பட்டன் இப்போது நாலுதான். பெரிசு பெரிசாக, தமிழில்.

"துரைக்கண்ணு, இங்கே வா" என்று ஐயா என்னைக் கூப்பிட்டார். "எதையாவது அழுத்து. உனக்குப் புரிஞ்சா எருமைக்கும் புரியும்."

வாத்தியார்கள் சிரித்தார்கள்.

தொண்ணூற்றேழில் கல்லூரிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, "செருப்போட சேர்ந்து நீயும் வெளியே நில்லு, மெஷினுக்குத் தூசி ஆகாது" என்றவர் இவர்தான். எட்டு வருஷம் கழித்து உள்ளே கூப்பிடுகிறார். உட்கார்ந்தேன்.

எட்டாவதில் கோட்டை விட்டவன்தான். தமிழ் படிக்கத் தெரியும். நாலாவது பட்டனில், 'ஒரே மாதிரி இருப்பதை ஒன்றாக்கு' என்று இருந்தது.

"இது என்னாத்துக்குங்க?"

மாப்பிள்ளை சொன்னார்: "ஒரே கட்டுரையை நாலு பேர் நாலு விதமா டைப் பண்ணிடறாங்க. பட்டியல்ல நாலு தடவை வருது. இது தலைப்பைப் பார்க்காது. உள்ளே இருக்கிற சுருக்கத்தைப் பார்த்து ஒண்ணாச் சேர்த்துடும். மாமா கேக்கலை, நானாப் போட்டேன்."

"பேஷ்! அழுத்து" என்றார் ஐயா.

அழுத்தினேன்.

திரை கொஞ்சம் யோசித்தது. 'இந்தப் பன்னிரண்டும் ஒரே கட்டுரை. ஒன்றாக்கலாமா?' என்று கேட்டது. கீழே எல்லாம் சிவப்பு எழுத்து. 'திருத்தணி வட்டாரக் கரும்பு', 'வட மாவட்டக் கரும்பு', 'கரும்பும் உழவரும்', 'உழவரும் கரும்பும்'... தலைப்புதான் பன்னிரண்டு. உள்ளே ஒரே சக்கை.

"வேண்டாம், எழுந்திரு!" என்றார் ஐயா.

எனக்குக் காது கொஞ்சம் மந்தம். 'ஆம்' அழுத்தினேன்.

'நிச்சயமா?'

ஆம்.

"டேய் துரைக்கண்ணு!"

'நிச்சயமா?'

ஆம்.

"மாப்பிள்ளை, ஒயரைப் பிடுங்குங்கோ!"

'நிச்சயமா?'

ஆம்.

பன்னிரண்டும் ஒன்றானது.

"பிரமாதமா வேலை செய்யுது மாமா!" என்றார் மாப்பிள்ளை. வெள்ளை மனசு.

"பதவி உயர்வுக்குப் பன்னெண்டுன்னு காட்டினீங்களே சார்?" என்று கேட்டார் ஒரு வாத்தியார். மற்றவர்கள் இருமினார்கள். இருமிக்கொண்டே கலைந்து போனார்கள்.

ஐயா அனிதாவின் படிவத்தைத் தானே கேட்டு வாங்கினார். எங்கே எங்கே என்று தேடிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு மலையேறி அபிஷேகம் பார்த்த மாதிரி இருந்தது.

"உன் பட்டியல்ல என் பேர் வேண்டாம்மா" என்றார் மெதுவாக. "ஆமா, நீ இதுக்கு முன்னாடி என் கட்டுரை எதையாவது படிச்சிருக்கியா?"

"மொத வருஷமே பன்னெண்டையும் படிச்சிட்டேன் சார்" என்றாள் அனிதா. "பட்டியல்ல போட்டா, வெளியூர்லேர்ந்து வர்ற எக்ஸாமினர் எடுத்துப் படிச்சிப் பார்ப்பாரு. உங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான், திட்டினா திட்டிட்டுப் போறீங்கன்னு ஒண்ணுகூட போடாம இருந்துகினு இருந்தேன்."