ஃபிளெக்ஸ் துண்டு

புதுச்சேரி நெல்லித்தோப்பு மெக்கானிக் கடை வாசலில், நான் கொத்து வேலை செய்யும் வீட்டின் சொந்தக்காரர், பிரெஞ்சு வழக்கில் நாங்கள் முசே என்று கூப்பிடும் கிளமான் ஐயாவின் பைக் நிற்கிறது. கொதித்த தண்ணீர் அதன் வயிற்றிலிருந்து சொட்டி, ரோட்டில் விழுந்த இடத்திலேயே காய்கிறது. என் பெண்சாதி அஞ்சலாட்சியைக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுபோக அவர் சும்மா தரும் வண்டி. இன்று பாதி வழியில் புகைந்துவிட்டது; போன் பண்ணியதும் முசேவே வந்து சாவியை வாங்கிக்கொண்டார். "போன வாரம் இவன் ஊத்துன கூலன்ட் போலி முசே" என்று மெக்கானிக் ஒசேனைக் காட்டி, தெருவே திரும்பிப் பார்க்க நான் கத்தி முடித்திருக்கிறேன். ஒசேன் குந்தி உட்கார்ந்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு இழுக்கிறான். கட்டுக்கம்பியோடு ஒரு கல்யாண ஃபிளெக்ஸ் பேனர் துண்டு வருகிறது. யாரோ மாப்பிள்ளையின் சிரிப்பு அதில் சூட்டில் சுருங்கியிருக்கிறது. "ரேடியேட்டருக்குக் காத்தே போவாம மூடி கட்டிட்டு, என்னைத் திட்டுறியே நைனா!" டீக்கடையில் சிரிக்கிறார்கள். இரவல் வண்டியில் சேறு படக்கூடாதென்று நேற்று நான் கட்டியது.

"யாரு கட்டுனது?" சாவியை உள்ளங்கையில் உருட்டியபடி முசே கேட்கிறார். கடை பெஞ்சிலிருந்து அஞ்சலாட்சி எழுகிறாள். "நான்தான் முசே. சேலையில சேறு அடிக்குதுன்னு கட்டிட்டேன்." ஊசி ஏறி ஏறி வீங்கிய அந்தக் கையால் அவளுக்கு ரவிக்கை ஊக்குகூட மாட்ட வராது, தினமும் நான்தான் மாட்டிவிடுகிறேன். ஒசேன் தண்ணீர் ஊற்றி வண்டியைக் கிளப்பிப் பார்த்ததும், "பரவால்லமா, நேரமாச்சு, கெளம்புங்க" என்று முசே அவளிடம் சாவியை நீட்டுகிறார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன்.