ஒரே வாசகி

இன்றைக்கு மட்டும் இது வேறு கைக்குப் போய்விடக் கூடாது. ஏழு வருஷம் காப்பாற்றியாயிற்று, இந்தப் பத்து நிமிஷத்தில் கோட்டைவிட்டால் அவ்வளவும் வீண் என்று நினைத்தபடி, நூலகத்தின் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் வந்து நின்றாள் தையல்கடைக்காரி.

ஒரே ஆள் ஒரு புத்தகத்தைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளக் கூடாது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திருப்பிக் கொடுத்து ஓர் இரவாவது அது நூலகத்தில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அவள் சட்டத்தை மீறியதே இல்லை. மாலை மூடும் நேரத்துக்குக் கொடுப்பாள், மறுநாள் திறக்கும் நேரத்துக்கு எடுத்துவிடுவாள்.

அது யாருக்கும் தெரியாத ஒரு பெண் எழுதிய நாவல். ஆசிரியர் பெயரே புனைபெயர், அட்டையில் படம்கூடக் கிடையாது. முன்னூறு பிரதி அச்சடித்த பதிப்பகம் அதோடு கடையை மூடிவிட்டது. இந்த ஊரில் இருப்பது இது ஒன்றுதான்.

இன்று அலமாரியில் அந்த இடம் காலியாக இருந்தது. மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று துழாவத் தொடங்கினாள்.

"அங்க தேடாதீங்கம்மா. இங்க இருக்கு" என்றார் நூலகர். போன மாதம்தான் மாற்றலாகி வந்தவர். புத்தகம் அவருடைய மேஜையில், கண்ணாடிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. நேற்று சாயங்காலம் அவள் கொடுத்துவிட்டுப் போனதும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாராம். சட்டப்படி நூலகத்தில் தங்க வேண்டியது, என் வீட்டில் தங்கிவிட்டது என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது கண்ணில் பட்டதாம். எண்ணியும் பார்த்திருக்கிறார். நூற்று எழுபத்திரண்டு தடவை, அத்தனையும் ஒரே உறுப்பினர். நடுவில் மூன்று பேர் வந்து கேட்டு, எப்போது கேட்டாலும் வெளியே போயிருக்கிறது என்ற பதிலில் அலுத்துப்போயிருக்கிறார்கள். பேரும் புகழும் வாங்கின எழுத்தாளர்களுக்கே இந்த யோகம் இல்லை என்றார்.

"கட்டின புருஷனைக்கூட யாரும் இப்படிக் கண்ணும் கருத்துமாப் பாத்துக்க மாட்டாங்கம்மா."

அவளும் சிரித்துவைத்தாள். மேஜையில் யாரோ கழற்றிப் போட்டிருந்த ரப்பர் வளையத்தை எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். அங்கே ஏற்கெனவே மூன்று இருந்தன.

நூலகர் தன் திட்டத்தைச் சொன்னார். நுழைந்தவுடன் கண்ணில் படுகிற மாதிரி ஓர் அலமாரி, அதில் நல்லாய் எழுதியும் யாரும் கண்டுகொள்ளாத எழுத்தாளர்கள் மட்டும். குடத்துக்குள் எரிந்த விளக்கையெல்லாம் குன்றின்மேல் ஏற்றப் போகிறாராம். முதல் இடம் இந்த நாவலுக்குத்தான். மறுபதிப்புக்கும் ஒருவரிடம் பேசிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு, வாசகர் சார்பில் அவள் பத்து நிமிஷம் பேச வேண்டும்.

நேற்று அவர் பாதி படித்துவிட்டாராம். வானொலிக்குத் துணி போர்த்தி வைக்கிற மாமியார், எதற்கெடுத்தாலும் 'உம்' கொட்டுகிற புருஷன், வந்த இடத்தில் தீக்குச்சியை எண்ணி வைத்துவிட்டுப் போகிற நாத்தனார் என்று ஒவ்வொருவராகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரிப்பைப் பார்த்து அவர் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாளாம்.

"நான் பாதிதான் படிச்சிருக்கேன். கரைச்சுக் குடிச்சவங்க நீங்க சொல்லுங்க, எப்படி எழுதியிருக்காங்க?"

ஏழு வருஷமாக அவள் அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு பொய்யான வரியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். தையல் மெஷினை மிதிக்கும்போது, பித்தான் தைக்கும்போது, தூக்கம் பிடிக்காமல் புரளும்போது என்று வரிவரியாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாயிற்று. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"உள்ளதை உள்ளபடி எழுதியிருக்காங்க" என்றாள்.

நூலகர் முகம் மலர்ந்துபோயிற்று. பிறகு ரகசியம் மாதிரிச் சொன்னார்.

"பழைய பதிப்பகக்காரர் மூலமா அந்த அம்மாவைத் தேடிப் பிடிச்சு நேத்து போன்ல பேசினேன். பேரு சொல்லல, ஒருத்தங்க நூத்தி எழுபத்திரண்டு தடவை எடுத்திருக்காங்கன்னு மட்டும் சொன்னேன். அழுதுட்டாங்கம்மா. ஒரு ஈ, காக்காகூடப் படிக்கலன்னு நெனச்சு, அதுக்கப்புறம் ஒரு வரி எழுதலையாம். இப்ப அடுத்த நாவலை ஆரம்பிக்கப் போறாங்க. எல்லாம் உங்க புண்ணியம்."

அழுதவளுக்கு மூக்கு நுனி சிவந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் தையல்கடைக்காரி. எழுதுவதையே நிறுத்திவிட்டாள் என்பது இவளுக்கு இத்தனை நாள் தெரியாது. பேசாமல் விட்டுக்கொடுத்துவிட்டால்தான் என்ன என்று ஒரு கணம் மனசு தடுமாறிவிட்டது. அடுத்த நாவல் என்ற சொல் ஞாபகம் வந்ததும் மறுபடி இறுகிக்கொண்டது.

நூலகர் 'காட்சிக்கு மட்டும்' என்று எழுதின சீட்டு ஒன்றைப் புத்தகத்துக்குள் செருகினார். அவள் அதை நிதானமாக உருவி மேஜையில் வைத்தாள். தேதி முத்திரை குத்துகிற பக்கத்தைத் திருப்பி, உறுப்பினர் அட்டையோடு அவர் பக்கம் நீட்டினாள். புத்தகத்தின் மறுமுனையை மட்டும் விடவில்லை.

"நான் பேசல சார். இதை இங்க வெச்சுட்டும் போக மாட்டேன். தேதி போட்டுக் குடுத்துடுங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு நல்ல எழுத்தை ஊரே படிக்க வேண்டாமா, உங்களை மாதிரி ஒரு வாசகியே இப்படிச் சொல்லலாமா, அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று அடுக்கினார்.

அவள் பின்னால் திரும்பி, வேறு யாரும் உள்ளே வரவில்லை என்று பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அந்த நாத்தனார் நான்தான் சார்."